மூன்றாவது குறுக்குத் தெருவில் தண்ணீர் இனித்த விவரம்

சந்தோஷ் நகர், மூன்றாவது குறுக்குத் தெரு, கதவு எண் பதினொன்றில் வசிக்கும் திரு. சுப்பராயன் அவர்கள், தமக்குச் சொந்தமான வீட்டை நல்ல விலைக்கு விற்பது என்று ஐப்பசி மாதத்தில் முடிவெடுத்தார். இதில் தவறு ஒன்றும் இல்லை. வீடு இருக்கிறவர் விற்கிறார், இல்லாதவர் வாங்குகிறார், இடையில் இருக்கிறவர் கமிஷன் எடுக்கிறார். ஆனால் இந்த வீடு இருந்தது ஆம்பூருக்கும் வேலூருக்கும் நடுவில், தோல் தொழிற்சாலைகள் வரிசை கட்டி நிற்கும் நெடுஞ்சாலைக்குச் சற்று உள்ளே. அந்தப் பக்கத்தில் போர் போட்டால் பூமிக்குள்ளிருந்து மேலே வருகிற வஸ்துவை, ஒரு மரியாதைக்காகத்தான் தண்ணீர் என்று சொல்கிறோம்.

அதில் பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காது. பக்கெட்டில் ஒரு ராத்திரி வைத்தால் காலையில் வெள்ளையாக ஒரு வளையம் கட்டியிருக்கும். குடிப்பதற்கு வாரம் இரண்டு நாள் தெருமுனைக்கு லாரி வரும். அந்த லாரிக்குக் குடத்தோடு ஓடி ஓடி, இருபத்தேழு வருஷத்தில் சுப்பராயனின் மனைவி அமிர்தவள்ளிக்கு இடது தோள் போயே போய்விட்டது. "இனிமே வெயிட் தூக்கக் கூடாதும்மா" என்றார் டாக்டர். "சரிங்க சார், லாரிக்காரன்கிட்ட சொல்லிடறேன்" என்று சொல்லிவிட்டு வந்து மறுநாள் வழக்கம்போல வரிசையில் நின்றாள்.

போளூரில் அவள் தங்கை செண்பகம் இருக்கிறாள். அவள் வீட்டுக்கு எதிரில் ஒரு சின்ன வீடு விலைக்கு வந்தது. குழாயைத் திறந்து அப்படியே வாயை வைத்துக் குடிக்கலாம். அந்த வீட்டுக்காரர் பொங்கல் வரைக்கும் வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தார். அதற்குள் இந்த வீடு நல்ல விலைக்குப் போனால்தான் அந்த வீடு. "இந்த ஒண்ணு மட்டும் பண்ணிக் குடுத்துடுங்க. அப்பறம் உங்கள எதுவும் கேக்க மாட்டேன்" என்றாள் அமிர்தவள்ளி. கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயைத் திறந்து கேட்டது அது ஒன்றுதான் என்பதால் சுப்பராயனுக்குச் சுருக்கென்றது.

சுப்பராயன் சாமானியப்பட்டவர் அல்லர். ஒரு தோல் கம்பெனியில் முப்பது வருஷம் தரம் பிரிக்கும் மேஜையில் நின்றவர். ஒரு தோலைக் கையால் தடவிப் பார்த்து, அந்த மாட்டுக்கு எந்த இடத்தில் முள் குத்தியது, எந்த இடத்தில் உண்ணி கடித்தது என்று சொல்லிவிடுவார். அதே நான்காம் தரத் தோலைப் பக்கத்து ஷெட்டில் தேய்த்து, மேலே ஒரு கோட்டு சாயம் அடித்து, மெஷினில் அழுத்தி, முதல் தரமாகக் கப்பலேற்றுவதையும் அதே முப்பது வருஷம் பார்த்திருக்கிறார். ஆகவே வாங்குகிறவன் கண்ணில் படுவதுதான் தரம், மற்றதெல்லாம் மாட்டுக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரிந்தால் போதும் என்பது அவருடைய உறுதியான கொள்கை.

இந்தக் கொள்கைக்குத் தோதாகக் கிடைத்தார் இன்பராஜ். வேலூர் லாங் பஜாரில் ஒரு வெங்காய மண்டிக்கு மாடியில் அவருடைய ஆபீஸ். முதலில் இன்சூரன்ஸ், அப்புறம் பிளாட் புரோக்கர், இப்போது மூன்று நாள் ஆன்லைன் வகுப்பு முடித்து 'இல்லப் பொலிவு ஆலோசகர்' என்று போர்டு மாட்டியிருந்தார்.

"சார், நாம வீட்டை விக்கக் கூடாது. ஒரு அனுபவத்தை விக்கணும்" என்றார் இன்பராஜ், செருப்பைக் கழற்றாமலே கூடத்துக்குள் வந்து.

"பத்திரத்துல வீடுன்னுதானே எழுதுவாங்க?" என்றாள் அமிர்தவள்ளி.

இன்பராஜ் அதைக் கவனிக்காமல் சுவரைப் பார்த்து முகம் சுளித்தார். ரோஸ் கலர் சுவருக்கு எலிச் சாம்பல் நிறம் அடிக்கப்பட்டது. நார்வே பக்கத்தில் எல்லாரும் இதைத்தான் அடிக்கிறார்களாம். அந்த ஊர்க்காரர்களுக்கு வெயில் கிடைக்காது என்பதால் ஜன்னலுக்குத் திரையே போட மாட்டார்களாம். ஆகவே இங்கேயும் திரைகள் கழற்றப்பட்டு, வேலூர் வெயில் கூடத்தில் நேராக வந்து உட்கார்ந்தது. முருகன் காலண்டர் இறங்கியது. அது இருந்த இடத்தில் ஒரு புத்தர் தலை வந்தது.

"உடம்பு எங்கப்பா?" என்றாள் அமிர்தவள்ளி.

"உடம்போட வச்சா பக்தி ஆயிடும் மேடம். தலை மட்டும் இருந்தாதான் டிசைன்."

எல்லாவற்றையும்விடப் பெரிய பிரச்சனை, நீல நிறத் தண்ணீர் டிரம்கள். கூடத்தில் நான்கு, சமையல்கட்டில் இரண்டு. "இதைப் பார்த்தாலே ஊர்ல தண்ணி இல்லைன்னு தெரிஞ்சிடும் சார்" என்று இன்பராஜ் பதறினார். டிரம்களின் மேல் பலகை வைத்து, பலகையின் மேல் மெத்தை வைத்து, மெத்தையின் மேல் கோடுபோட்ட துணி விரித்து, 'வாசிப்பு மூலை' என்று அதற்குப் பெயரும் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அமிர்தவள்ளி ஒரு சொம்பு தண்ணீர் மொள்ள வேண்டுமென்றால், வாசித்துக்கொண்டிருப்பவரை எழுப்ப வேண்டியிருந்தது. சமையலில் மீன் குழம்பு தடை செய்யப்பட்டது. வீட்டில் ஆள் இருக்கிற மாதிரியே தெரியக் கூடாது என்பதுதான் ஆலோசனையின் சாரம். ஆகவே யாராவது வீடு பார்க்க வரும்போதெல்லாம் சுப்பராயன் தம்பதி மொட்டை மாடியில் போய் நின்றார்கள்.

முதலில் வந்த மூன்று பேரும் புத்தரைப் பார்த்தார்கள். "ஆஹா" என்றார்கள். வாசிப்பு மூலையில் உட்கார்ந்து பார்த்தார்கள். பிறகு ஆளுக்கொரு பேனாவைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார்கள். கையெழுத்துப் போடத்தான் எடுக்கிறார்கள் என்று இன்பராஜ் பூரித்துப் போனார். அது பேனா அல்ல, தண்ணீரில் எவ்வளவு உப்புக் கரைந்திருக்கிறது என்று காட்டும் டி.டி.எஸ். மீட்டர். நம் பக்கத்தில் வீடு பார்க்கப் போகிறவன் மனைவியை மறந்தாலும் அதை மறக்க மாட்டான். ஒரு டம்ளர் போர் தண்ணீரில் அதை நனைத்தார்கள். நல்ல தண்ணீர் என்றால் முந்நூறு, நானூறு காட்டும். இது இரண்டாயிரத்து நூற்று நாற்பது காட்டியது. "வீடு பிரமாதம் சார், சொல்லி அனுப்பறோம்" என்று போனார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை.

கார்த்திகை வந்துவிட்டது. அமிர்தவள்ளி தோளில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, காலண்டர் இருந்த இடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் சுப்பராயனுக்கு அந்த யோசனை வந்தது.

"இன்பராஜ், தோல் மேல கறை இருந்தா தோலை மாத்துவாங்களா? மேல ஒரு கோட்டுதானே?"

"தண்ணிக்கு எப்படி சார் கோட்டு அடிக்கறது?"

அடித்தார்கள். முன்வாசலில் மண்ணுக்கடியில் இருந்த பழைய தொட்டியைச் சுத்தம் செய்து, போர் குழாயை அங்கேயே அறுத்து, தொட்டிக்குள் இருக்கிற மோட்டாரோடு இணைத்தாயிற்று. சுவிட்சுக்கு மேலே 'போர்' என்று எழுதியிருக்கும். போட்டால் பூமிக்குள்ளிருந்து வருவது போலவே இரண்டு தடவை இருமிவிட்டு நல்ல தண்ணீர் கொட்டும். கொல்லைப்புறம் பாத்திரம் கழுவும் குழாய் மட்டும் பழைய போரிலேயே இருந்தது.

தொட்டியில் நல்ல தண்ணீர் நிரப்புவதுதான் சங்கடம். வெளியூர்த் தண்ணீர் லாரி வாசலில் நின்றால் தெருவே பார்க்கும். அதற்கும் இன்பராஜிடம் வழி இருந்தது. புத்தம் புது லாரிதான். ஆனால் பக்கவாட்டில் 'கழிவுநீர் ஊர்தி' என்று ஒரு தகரப் பலகை தொங்கியது. பட்டப்பகலில் வந்து, குழாயை விட்டு, நிதானமாகத் தண்ணீரை இறக்கிவிட்டுப் போனது. தெருவில் ஒருவர்கூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு கதவைச் சாத்தினார்கள்.

அந்த வாரம் மேல்விஷாரத்திலிருந்து சர்தார் பாஷா வந்தார். தோல் வியாபாரி. இந்தத் தடவை சுவிட்சைப் போடுவதற்காகச் சுப்பராயன் மட்டும் கீழேயே நின்றார். சுவரை நகத்தால் சுரண்டினார், புத்தரைத் தட்டினார், வாசிப்பு மூலையில் உட்கார்ந்து "இதுக்குள்ள இன்னா, டிரம்மா?" என்றார். சுப்பராயனுக்கு உயிரே போய்விட்டது.

"டேங்க் தண்ணி வேணாம் சார். நேரா போர்லேர்ந்து விடுங்க" என்றார் பாஷா.

சுப்பராயன் சுவிட்சைப் போட்டார். குழாய் இருமியது. தண்ணீர் கொட்டியது. மீட்டர் நூற்று எண்பது காட்டியது. பாஷா மீட்டரை உதறிவிட்டு மறுபடி நனைத்தார். நூற்று எண்பதுதான்.

"யோவ் தோஸ்த், இந்த பெல்ட்லயே இப்படி ஒரு தண்ணி கெடயாது! பேரமே வேணாம். நீங்க சொன்ன விலை. தை பொறக்கறதுக்குள்ள அக்ரிமெண்ட் போட்டுடலாம்."

அமிர்தவள்ளி மாடிப்படியில் நின்று இதைக் கேட்டாள். அன்றைக்கே செண்பகத்துக்குப் போன் போட்டு, எதிர்வீட்டு வாசலில் துளசி வைக்க இடம் இருக்கிறதா என்று விசாரித்தாள். சுப்பராயனுக்குப் பரம சந்தோஷம்.

பாஷா வாயை வைத்துக்கொண்டு சும்மா போகவில்லை, டீக்கடையில் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலை வாசலில் பதினாறு குடங்கள். முதல் குடத்தோடு எதிர்வீட்டு பாக்யலட்சுமி நின்றாள்.

"இன்னாக்கா, பூமிக்கடியில கங்கையை வச்சிக்கினு எங்களோட லாரிக்கு நின்னுக்கினு இருந்தியே! ஒரு குடம் விடுக்கா."

இல்லை என்று எப்படிச் சொல்வது? பூமி கொடுப்பதைத் தடுக்க அமிர்தவள்ளி யார்? தொட்டி ஒரே நாளில் காலி. கழிவுநீர் ஊர்தி தினமும் வர வேண்டியதாயிற்று. "தினம் செப்டிக் லாரி வருதே, வீட்ல யாருக்கும் வயிறு சரியில்லையா?" என்று பாக்யலட்சுமி கரிசனமாகக் கேட்டுவிட்டு, மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அமிர்தவள்ளி வெட்கத்தில் செத்துப்போனாள்.

டீக்கடைச் செய்தி ஓர் அரசு அலுவலகத்துக்கும் போய்ச் சேர்ந்தது. நிலத்தடி நீர் இனிமை மீட்புத் திட்டம், பகுதி இரண்டு என்று ஒன்று இருந்தது. மார்ச் மாதத்துக்குள் ஒரு தெருவையாவது மீட்டாக வேண்டும் என்பது மேலிடத்து ஆணை. எந்தத் தெருவும் மீள்வதாக இல்லை. இந்த நிலையில் உதவி மதிப்பீட்டு அலுவலர் ராமமூர்த்தி, அரக்கு, மெழுகுவர்த்தி, ஆறு பாட்டில்கள் சகிதம் பதினொன்றாம் எண் வீட்டில் வந்து இறங்கினார். மாதிரி எடுத்தார். பத்து நாளில் முடிவோடு திரும்பி வந்தார்.

"வாழ்த்துகள் சார். எங்க மீட்புக் குழி வேலை செஞ்சிடுச்சு."

"எந்தக் குழிங்க?"

"உங்க தெருவுல ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வெட்டின குழி."

"இங்க யாரும் குழி வெட்டலையே சார்."

ராமமூர்த்தி கோப்பைப் பிரித்துக் காட்டினார். "வெட்டினதா எழுதியிருக்கு. எனக்கே இதுவரைக்கும் ஒரு சந்தேகம் இருந்தது, பொய் சொல்வானேன். ஆனா பலன் வந்துடுச்சு பாருங்க. குழி இல்லாம பலன் எப்படி வரும்? பலன் இருக்கறதால குழி இருந்துதான் ஆகணும்."

அடுத்த வாரமே உத்தரவு வந்தது. 'மேற்படி தெருவின் நிலத்தடி நீர் இனிமை நிலையை எய்திவிட்டபடியால், அத்தெருவுக்கு வழங்கப்பட்டுவந்த குடிநீர் லாரி, பொதுநலன் கருதி இதன்மூலம் நிறுத்தப்படுகிறது.'

லாரி நின்றது. தெருவே திரண்டு சுப்பராயன் வீட்டுக்கு வந்தது. குடியிருப்போர் சங்கத் தலைவர் கோதண்டராமன் முன்னால் நின்றார். "உங்க வீட்ல தண்ணி நல்லாருக்கு, சரி. எங்க வீட்ல அதே கண்றாவிதான் வருது. அது எப்படி சார்?"

சுப்பராயன் பொய் சொல்லிப் பழகியவர்தான், ஆனால் எல்லாம் தோலோடு சரி. கைகூப்பிக்கொண்டு தொட்டி, குழாய், கழிவுநீர் ஊர்தி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். "நாளைக்கே ஆபீஸ்ல போய் உண்மையைச் சொல்லிடறேன். லாரி திரும்ப வந்துடும்" என்றபோது அழுதேவிட்டார்.

அடி விழப்போகிறது என்று சுப்பராயன் கண்ணை மூடினார்.

"கதவைச் சாத்துங்க" என்றார் கோதண்டராமன். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்த லாரிக்காரன் நம்பர் இன்னா?"

விஷயம் இதுதான். பத்து நாளாகப் புரோக்கர்கள் தெருவைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். பதினாறாம் நம்பர் வீட்டுக்காரர் விற்கவே நினைக்கவில்லை, அந்த வீட்டுக்கே ஒன்றரை மடங்கு விலை சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். "இந்த நேரத்துல ஆபீஸ்ல போய் ஏதாச்சும் உளறி வச்சீங்க, நாங்க சும்மா இருக்க மாட்டோம்" என்று பாக்யலட்சுமியின் கணவர் அன்போடு எச்சரித்தார்.

மார்கழி பிறப்பதற்குள் தெருவில் எல்லா வீட்டுச் சுவரும் எலிச் சாம்பல். லாங் பஜாரில் புத்தர் தலை கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. கழிவுநீர் ஊர்திகள் தெருமுனை வரை வரிசையில் நின்றன. இதைக் கண்டு பயந்து போய், ஒரு சுகாதாரப் பணியாளர் வீடு வீடாக வந்து வயிற்றுப்போக்குக்கு மாத்திரையும் உப்புச் சர்க்கரைப் பொட்டலமும் கொடுத்துவிட்டுப் போனார். தெருவில் எல்லாரும் விலை கொடுத்து வாங்கிய தண்ணீரைத் தங்கள் வீட்டுப் பூமி கொடுத்ததாகச் சொல்லிக்கொண்டு பெருமையாக நடமாடினார்கள்.

ராமமூர்த்தி இன்னொரு காகிதத்தோடு வந்தார். ஆய்வகம் சொன்னது மட்டும் போதாதாம். பொதுமக்களின் நாவறிக்கை வேண்டுமாம். அதாவது, ஒரு விழா எடுத்து, எல்லாரும் தண்ணீரைக் குடித்து, இனிமையாக உள்ளது என்று படிவம் பதினேழில் கையெழுத்திட வேண்டும்.

விழா பொங்கலுக்கு ஐந்து நாள் முன்னால். சர்தார் பாஷா அன்றைக்கே அக்ரிமெண்டைக் கையோடு கொண்டு வந்திருந்தார். சுப்பராயன் வீட்டு வாசலை அடைத்துப் பந்தல். பந்தலுக்கு முன்னால் அதிகாரிகளின் ஜீப்புகள். ஆகவே காலையிலிருந்து கழிவுநீர் ஊர்தி தெருவுக்குள் நுழையவே முடியவில்லை. பத்து மணிக்கு ராமமூர்த்தி திருக்கரத்தால் சுவிட்சைப் போட்டார். குழாய் இருமியது. மறுபடியும் இருமியது. அவ்வளவுதான்.

"கூட்டத்தைப் பார்த்துக் கூச்சப்படுது சார்" என்றார் இன்பராஜ், வேர்வையைத் துடைத்துக்கொண்டு.

அமிர்தவள்ளி எழுந்தாள். இரண்டு மாதமாக அவள் மனசுக்குள் இருந்ததெல்லாம் முகத்துக்கு வந்திருந்தது. "தண்ணிதானே? நான் கொண்டாறேன்" என்று உள்ளே போனாள். கொல்லைப்புறக் குழாய் திறக்கும் சத்தம் சுப்பராயனுக்கு மட்டும் கேட்டது. குடத்தை அந்த இடது தோளிலேயே தூக்கிக்கொண்டு வந்து மேடையில் வைத்தாள். ஒரு டம்ளரில் மொண்டு ராமமூர்த்தியிடம் நீட்டினாள்.

ராமமூர்த்தி ஒரு வாய் குடித்தார். கண்ணில் நீர் கோத்தது. மேலிடம், மார்ச் மாதம், கோப்பில் வெட்டப்பட்ட குழி, எல்லாம் அந்தக் கண்ணீரில் ஓடின. முழுங்கிவிட்டார். "தேன்!" என்றார்.

கோதண்டராமன் குடித்தார். "இளநீர் கெட்டுது போங்க" என்றார். பாக்யலட்சுமி குடித்தாள். தொண்டையைப் பிடித்துக்கொண்டே "கங்கைக்கா, கங்கை" என்றாள். இன்பராஜ் குடித்துவிட்டுப் பேச்சு வராமல் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். சர்தார் பாஷா ஒரு மிடறு குடித்தார். தோலை நக்கிப் பார்த்தே உப்புப் போட்ட தேதி சொல்கிற மனிதர் அவர். சுப்பராயனை ஒரு பார்வை பார்த்தார். ஆனால் அவரும் இந்த வீட்டைப் பெங்களூர்ச் சம்பந்திக்கு இரட்டை விலைக்குப் பேசி வைத்திருந்தார். "ஷர்பத்து!" என்றார்.

கடைசி டம்ளர் சுப்பராயனுக்கு. அமிர்தவள்ளி அவர் முகத்தையே பார்த்தாள். யாராவது ஒருத்தர், ஊரில் ஒரே ஒருத்தர், தூவென்று துப்பிவிட்டு உண்மையைச் சொல்ல மாட்டாரா என்று அவளுக்கு இருந்தது. அந்த ஒருத்தர் இவராக இருக்கக் கூடாதா என்றும் இருந்தது. சுப்பராயன் குடித்தார். உப்பு நெஞ்சுவரை கரித்தது. போளூர் வீட்டை நினைத்துக்கொண்டார். அவளுக்காகத்தானே என்று நினைத்துக்கொண்டார்.

"இனிப்பா இருக்குது" என்றார்.

எல்லாரும் வரிசையில் வந்து படிவம் பதினேழில் கையெழுத்துப் போட்டார்கள். முதல் கையெழுத்து சுப்பராயனுடையது. ராமமூர்த்தி படிவத்தைப் பத்திரமாகக் கோப்பில் வைத்துக் கட்டிவிட்டு, அடியிலிருந்து வேறொரு காகிதத்தை எடுத்து ஒலிபெருக்கியில் படித்தார்.

"'பொதுமக்களே ஏகமனதாக உறுதி செய்துள்ளபடியால், மேற்படி தெரு, பாதுகாக்கப்பட்ட இனிய நீர் வளாகமாக அறிவிக்கப்படுகிறது. வளாகத்துக்குள் அடங்கிய வீடுகளை விற்பதும், வாங்குவதும், உரிமை மாற்றுவதும் மறு உத்தரவு வரும்வரை தடை செய்யப்படுகின்றன. குடிநீர் லாரி நிரந்தரமாக ரத்து செய்யப்படுகிறது. மேலும், உதவி மதிப்பீட்டு அலுவலர் மாதந்தோறும் நேரில் வந்து...'" இங்கே அவர் குரல் கம்மியது. இதை அவரே இப்போதுதான் படிக்கிறார் போலிருந்தது. "'...நேரில் வந்து, ஒரு டம்ளருக்குக் குறையாமல் பருகி, இனிமையை உறுதி செய்ய வேண்டும்.'"

பாஷா அக்ரிமெண்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"சார், மறு உத்தரவு எப்ப வரும்?" என்று கத்தினார் கோதண்டராமன்.

"தண்ணி கெட்டுப்போனா வரும்."

"அது கெட்டுத்தான் சார் கெடக்குது! உப்பு சார்! வெறும் உப்பு!" என்று சுப்பராயன் மேடைக்கு ஓடினார்.

ராமமூர்த்தி கோப்பைத் திறந்து காட்டினார். "வரிசை எண் ஒண்ணு. இது உங்க கையெழுத்துதானே? இனிப்புன்னு காலையில எழுதிக் குடுத்த தண்ணி, மத்தியானத்துக்குள்ள உப்பாச்சுன்னா, யார் உப்பு போட்டதுன்னு விசாரணை வைக்கணும். வைக்கட்டுமா?"

பந்தலில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ராமமூர்த்தி மட்டும் வயிற்றைத் தடவிக்கொண்டு ஜீப்பைத் தேடினார்.

போளூர் வீடு போய்விட்டது என்பது அமிர்தவள்ளிக்கு எல்லாரையும்விட முன்னாலேயே புரிந்துவிட்டது. அவள் அழவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். குடத்தைச் சாய்த்து இன்னொரு டம்ளர் மொண்டாள்.

"நல்லா குடிங்க. இனிமே நமக்கு இதான்" என்று புருஷன் கையில் கொடுத்தாள்.

சுப்பராயன் வாங்கிக் குடித்தார்.